போட்டோ எடுத்தாச்சு, பேலன்ஸ் எப்போ வரும்? ரேட்டுக்கு முன்னாடி டெலிவரி நிபந்தனையை எழுதுங்க



திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ். சனி, ஞாயிறு முகூர்த்தம் வந்தா தோள்ல கேமரா பை. நம்ம சேனல் பார்க்கிறவங்கள்ல இப்படி ரெண்டு வேலை பார்க்கிறவங்க நிறைய பேர். சம்பளம் வீட்டு வாடகைக்கும் இஎம்ஐக்கும் போகுது, கேமரா வருமானத்துல ஏதாவது சேர்க்கலாம்னு ஆரம்பிக்கிறாங்க. நல்ல விஷயம்தான்.

ஆனா ஒரு சி.ஏ.வா இவங்க கணக்கைப் பார்க்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. வருஷக் கடைசியில "எவ்வளவு சம்பாதிச்சீங்க"ன்னு கேட்டா, "புக்கிங் நல்லா இருந்துச்சு சார், ஆனா கையில ஒண்ணும் நிக்கல"ன்னு சொல்றாங்க. ரேட் கம்மியா வாங்கினதுதான் காரணம்னு அவங்க நினைக்கிறாங்க. என் கருத்து வேற. பெரும்பாலான பேருக்கு ரேட் பிரச்சினையே இல்ல. போட்டோவை எப்போ, எந்த வடிவத்துல, எந்தப் பணம் வந்த பிறகு கொடுக்கணும்னு எழுதி வைக்காததுதான் பிரச்சினை.

இன்னொண்ணும் சொல்றேன், இதுல சில பேருக்கு என் மேல கோபம் வரலாம். தன்னோட டெலிவரி தேதியை எழுத்துல கொடுக்காத போட்டோகிராபருக்கு, பேலன்ஸ் பணம் லேட்டாகுதுன்னு புலம்புற தகுதி பாதிதான். நிபந்தனைன்னா ரெண்டு பக்கத்தையும் கட்டணும்.

கடைசித் தவணைதான் உங்க லாபம்

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஊருக்கு ஊர் தொகை மாறும், கணக்கோட அமைப்பு மாறாது.

கல்யாணம், ரிசப்ஷன் சேர்த்து பேக்கேஜ் 1,00,000 ரூபாய். புக்கிங் அன்னைக்கு அட்வான்ஸ் 25,000. ரிசப்ஷன் அன்னைக்கு 45,000. ஆல்பம் கொடுக்கும்போது 30,000. நிறைய பேர் வாய்ப்பேச்சுல முடிக்கிறது கிட்டத்தட்ட இப்படித்தான்.

செலவு என்ன? கூட வர்ற போட்டோகிராபர், வீடியோகிராபர் ரெண்டு நாளைக்கு 24,000. வீடியோ எடிட்டிங் 12,000. போட்டோ எடிட்டிங் 8,000. ரெண்டு வீட்டுக்கும் ஆல்பம் பிரிண்ட் 20,000. போக்குவரத்து, மெமரி கார்டு, பென் டிரைவ் 6,000. மொத்தம் 70,000. லாபம் 30,000.

இப்போ கவனிங்க. கடைசியா வரவேண்டிய தவணையும் 30,000. அதாவது கல்யாணம் முடியிற வரைக்கும் நீங்க வாங்கின 70,000 முழுசும் அடுத்தவங்களுக்குக் கொடுக்க வேண்டிய பணம். உங்க உழைப்புக்கான கூலி முழுக்க அந்தக் கடைசித் தவணைக்குள்ளதான் உட்கார்ந்திருக்கு. அது எப்போ வரும்? ஆல்பம் முடிஞ்சா வரும். ஆல்பம் எப்போ முடியும்? வீட்டுக்காரங்க போட்டோ செலக்‌ஷன் பண்ணிக் கொடுத்தா முடியும். செலக்‌ஷன் எப்போ வரும்? அது யாருக்கும் தெரியாது.

பொண்ணு பெங்களூருல, மாப்பிள்ளை துபாயில. மாமியார் "எங்க பக்கத்துச் சொந்தக்காரங்க போட்டோ கம்மியா இருக்கே"ன்னு சொல்லிட்டா மறுபடி முதல்ல இருந்து. தை மாசக் கல்யாணத்துக்கு ஆடி மாசம் செலக்‌ஷன் வர்றது புதுசு கிடையாது. யாரும் ஏமாத்தணும்னு பண்றதில்ல. கல்யாணம் முடிஞ்சதும் அவங்க அவசரம் முடிஞ்சுடுது, உங்க அவசரம் அப்பதான் ஆரம்பிக்குது. ஆடியில முகூர்த்தம் இல்ல, புது அட்வான்ஸும் வராது. பழைய பேலன்ஸும் வரலன்னா கேமரா இஎம்ஐயை சம்பளத்துல இருந்துதான் கட்டணும்.

மண்டபக்காரர்கிட்ட யாரும் இப்படிப் பேசுறதில்ல

"சார், எழுத்துல நிபந்தனை கொடுத்தா கஸ்டமர் ஓடிடுவாங்க, நம்பலைன்னு நினைப்பாங்க"ன்னு சொல்வாங்க. கல்யாண மண்டப ரசீதைத் திருப்பிப் பாருங்க. கரண்ட் பில் தனி, சுத்தம் பண்ற கூலி தனி, எத்தனை மணிக்குக் காலி பண்ணணும், தேதி மாத்தினா என்னன்னு வரிசையா அச்சடிச்சிருக்கும். அதே குடும்பம்தான் அதுல கையெழுத்து போட்டு, முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டுது. மண்டபக்காரர் தங்களை அவமானப்படுத்திட்டாருன்னு யாரும் நினைக்கிறதில்ல. அது அந்தத் தொழிலோட வழக்கம்னு எடுத்துக்கிறாங்க.

நாமளும் அதை வழக்கமாக்கணும். முக்கியமா சொந்தக்காரங்க, ஆபீஸ் நண்பர்கள் கல்யாணத்துக்கு. தெரியாதவங்ககிட்ட பேலன்ஸை நேரா கேட்டுடலாம். டீம் லீட் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த போட்டோவுக்கு எப்படிக் கேட்பீங்க? எழுதி வெச்சிருந்தா நீங்க கேட்க வேண்டியதில்ல, அந்தக் காகிதம் கேட்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன்படி வாய்வழி ஒப்பந்தமும் பொதுவா செல்லும். ஆனா எது பேசினோம்னு நிரூபிக்கிறதுதான் கஷ்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல இருக்கிற 10ஏ பிரிவு, மின்னணு வழியில உருவான ஒப்பந்தத்தை அந்த ஒரே காரணத்துக்காகச் செல்லாதுன்னு தள்ள முடியாதுன்னு சொல்லுது. ஒரு பக்க நிபந்தனையை பிடிஎஃப்பா மெயில்லயோ வாட்ஸ்அப்லயோ அனுப்பி, "படிச்சேன், சம்மதம்"னு பதில் வாங்கி, அதுக்கப்புறம் அட்வான்ஸ் வாங்கினா, ஒண்ணுமே இல்லாததை விடப் பல மடங்கு மேல். அந்தச் சாட்டை அழிக்காம பத்திரமா வெச்சுக்கோங்க. பெரிய தொகை, கம்பெனி வேலைன்னா முறையா கையெழுத்து போட்ட ஒப்பந்தமே நல்லது. அதுக்கு ஒரு தடவை வக்கீல் ஃபீஸ் கொடுத்து மாதிரி எழுதி வாங்கிட்டா வருஷக்கணக்குல உதவும்.

இன்னொரு பக்கத்தையும் மறக்காதீங்க. கல்யாண வீட்டுக்காரர் உங்க பார்வையில கஸ்டமர், சட்டத்தோட பார்வையில நுகர்வோர். ஆல்பம் வரலை, வீடியோ வரலைன்னு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போறது நடக்கிற விஷயம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா புகாருக்குக் கட்டணமே கிடையாது. பொதுவா 2 வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். 2019-ல வந்த புது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல "நியாயமற்ற ஒப்பந்தம்"னு ஒரு கருத்தே இருக்கு. ஒரு பக்கம் மட்டும் காரணம் இல்லாம ரத்து பண்ணலாம், அளவுக்கு மீறின அபராதம் போடலாம்னு எழுதினா அதுக்குள்ள வரும். அதனால எல்லாத்தையும் உங்களுக்குச் சாதகமா எழுதிட்டா பாதுகாப்புன்னு நினைக்காதீங்க.

பணத்தையும் டெலிவரியையும் படிப்படியா பிரிங்க

என் பரிந்துரை இதுதான். அதே 1,00,000 ரூபாய் வேலை.

புக்கிங்ல 30,000. நிகழ்ச்சிக்கு முந்தின நாளுக்குள்ள 40,000. எடிட் பண்ண போட்டோக்கள் தயாரானதும், முழு அளவு ஃபைலை டவுன்லோடு பண்ணக் கொடுக்கிறதுக்கு முன்னாடி 20,000. ஆல்பத்தைக் கையில கொடுக்கும்போது 10,000.

ஆல்பத்துக்கு முன்னாடியே 90,000 வந்துடும். அதுவரைக்கும் உங்க செலவு 50,000தான், ஆல்பம் செலவு 20,000 இன்னும் பாக்கி. அதையும் பண்ணிட்டா செலவு 70,000. லாபத்துல 20,000 கையில நிக்கும், மிச்சம் 10,000 மட்டும்தான் வெளியில. செலக்‌ஷன் ஆறு மாசம் லேட்டானாலும் நீங்க மூழ்கமாட்டீங்க.

"முழுசையும் முன்னாடியே வாங்கிடலாமே"ன்னு கேட்பீங்க. வேண்டாம்னு சொல்றேன். அந்தக் கடைசி 10 சதவீதம் கஸ்டமரோட கைப்பிடி. எல்லாப் பணமும் கொடுத்துட்டு ஆல்பத்துக்காக மாசக்கணக்குல போன் போட்டுட்டிருக்கிற குடும்பங்களும் இருக்கு. போட்டோகிராபர்கள் மேல இருக்கிற அவநம்பிக்கை சும்மா வந்ததில்ல. அந்தக் கைப்பிடியை விட்டு வெச்சா, முதல் 90 சதவீதத்தைக் கேட்க உங்களுக்கும் தைரியம் வரும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல்: பணம் யார் தருவாங்க? பொண்ணு வீடு பாதி, மாப்பிள்ளை வீடு பாதின்னு பேசுவாங்க. கடைசியில ரெண்டு பேரும் மத்தவங்களைக் கை காட்டுவாங்க. ஒப்பந்தத்துல ஒரே ஒரு ஆள் பேர் போடுங்க. அவங்களுக்குள்ள எப்படிப் பிரிச்சாலும், உங்களுக்குப் பொறுப்பு அவர்தான். செலக்‌ஷனை இறுதி பண்ற ஆளும் அவர்தான். ஆல்பம் ஒண்ணா ரெண்டா, மினி புக் உண்டா, எத்தனை ஷீட் அப்படின்னும் அதுலயே எழுதிடுங்க.

"30 நாள்" எந்த நாள்ல இருந்து?

தகராறு வர்ற இடமே இந்த வரிதான். "ஆல்பம் 30 நாளில்"னு போர்டுல எழுதியிருப்பீங்க. கல்யாணத்துல இருந்து 30 நாள்னு அவங்க நினைப்பாங்க. டிசைன் ஓகே ஆனதுல இருந்துன்னு நீங்க நினைப்பீங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல, யாரும் எழுதல. அவ்வளவுதான்.

ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி நாள், அது எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு எழுதுங்க. ஸ்டேட்டஸ் போட 20 முதல் 30 படம் நிகழ்ச்சி முடிஞ்சு 3 நாள்ல. எடிட் பண்ண எல்லாப் படமும் 30 நாள்ல. ஹைலைட் வீடியோ 45 நாள்ல. ஆல்பம் டிசைன், செலக்‌ஷன் கையில கிடைச்சு 15 நாள்ல. பிரிண்ட், டிசைனுக்கு எழுத்துல ஓகே வந்து 30 நாள்ல. உங்களால முடியிற நாளைப் போடுங்க. வார நாள்ல ஆபீஸ் இருக்கிறவங்க முழுநேர ஸ்டுடியோ மாதிரி தேதி கொடுக்காதீங்க. 45 நாள்னு சொல்லி 40-ல கொடுத்தா உங்க பேர் நிக்கும். 20 நாள்னு சொல்லி 40-ல கொடுத்தா அதே 40 நாள் கெட்ட பேர் வாங்கித் தரும்.

கஸ்டமர் தாமதிச்சா? சாஃப்ட் காப்பி கொடுத்து 60 நாளைக்குள்ள செலக்‌ஷன் வரலைன்னா, நடுவுல ரெண்டு தடவை எழுத்துல நினைவூட்டின பிறகு, ஆல்பம் வேலை நிறுத்தி வைக்கப்படும். ஒரு வருஷத்துக்குள்ள எப்போ செலக்‌ஷன் கொடுத்தாலும் செஞ்சு தருவோம். ஆனா அப்போ லேப் விலை ஏறியிருந்தா வித்தியாசத்தை அவங்க தரணும். இது போதும். "60 நாள் தாண்டினா ஆல்பம் கிடையாது"ன்னு எழுதாதீங்க. பணம் வாங்கின பொருளைக் கொடுக்கமாட்டேன்னு சொல்றது எங்க போனாலும் நிக்காது.

டிசைன் திருத்தம் 2 சுற்று இலவசம், அதுக்கு மேல ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவுன்னு போடுங்க. இந்த ஒரு வரி இருந்தா, மாத்தணும்னு நினைக்கிறதை எல்லாம் சேர்த்து ஒரே லிஸ்டா அனுப்புவாங்க.

நீங்க தாமதிச்சா? இங்கதான் என் முக்கியமான கோரிக்கை. உங்க மேல நீங்களே ஒரு அபராதம் எழுதுங்க. சொன்ன தேதி தாண்டி 15 நாள் சலுகை, அதுக்கப்புறம் ஒவ்வொரு வாரத்துக்கும் 1,000 ரூபாய் கடைசித் தவணையில கழிவு, அதிகபட்சம் 10,000. மொத்த வேலையில இது 10 சதவீதம். இதை எழுதுறதுக்கு பயமா இருந்தா, நீங்க கொடுக்கிற தேதியில உங்களுக்கே நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம். தேதியை மாத்துங்க, வரியை மாத்தாதீங்க.

காப்பிரைட்: யூடியூப்ல கேட்டது இங்க பொருந்தாது

"நான் எடுத்த போட்டோ, அதனால காப்பிரைட் என்னோடது"ன்னு பல பேர் உறுதியா நம்புறாங்க. அமெரிக்க போட்டோகிராபர்களோட வீடியோக்கள் பார்த்து வந்த நம்பிக்கை இது. அங்க ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபருக்குப் பெரும்பாலும் அது சரி. இங்க இல்ல.

நம்ம காப்பிரைட் சட்டம் 1957, 17-வது பிரிவைப் படிங்க. ஒருத்தர் பணம் கொடுத்து, அவர் கேட்டுக்கிட்டதால எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, மாறா ஒப்பந்தம் எதுவும் இல்லைன்னா, அந்தப் பணம் கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். வீடியோவுக்கும் அப்படித்தான். பிரிட்டனோட 1911 சட்டத்துல இருந்த கொள்கை இது. பிரிட்டன் 1988 சட்டத்துல இதைக் கைவிட்டுடுச்சு, இந்தியாவுல இன்னும் இருக்கு. படத்தோட படைப்பாளி நீங்கதான், 57-வது பிரிவுப்படி அந்தப் பெயரைக் கோர்ற உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆனா காப்பிரைட்டோட ஆரம்பப் புள்ளி கஸ்டமர் பக்கம்.

இதுக்கு என்ன அர்த்தம்? எழுத்துல எதுவும் இல்லாம அந்தக் கல்யாணப் படத்தை உங்க இன்ஸ்டாகிராம் பக்கத்துல போடுறீங்கன்னா, அவங்க சொத்தை அவங்க அனுமதி இல்லாம விளம்பரத்துக்குப் பயன்படுத்துறீங்க. அடுத்த புக்கிங் கொண்டு வர்றதே அந்தப் பக்கம்தான். அதனால "எங்கள் போர்ட்ஃபோலியோ, சமூக ஊடகப் பக்கங்களில் பயன்படுத்த அனுமதி: உண்டு / இல்லை"ன்னு ஒரு வரி வெச்சு டிக் பண்ணச் சொல்லுங்க. குழந்தைகள் படம் தவிர்க்கணுமா, பின்னாடி எடுக்கச் சொன்னா எத்தனை நாள்ல எடுப்பீங்கன்னும் சேர்த்துடுங்க. "இல்லை"ன்னு டிக் பண்ணா முகம் சுளிக்காதீங்க. அது அவங்க கல்யாணம்.

ரா ஃபைல் விஷயமும் இதோட சேர்ந்ததுதான். "எல்லாத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டுக் கொடுங்க தம்பி"ன்னு சாதாரணமா கேட்பாங்க. எடிட் பண்ணாத படம் உங்க பேர்ல வெளியில சுத்துறது உங்களுக்குப் பிடிக்காம இருக்கலாம். ஆனா எழுதாம விட்டுட்டு, கேட்கும்போது "தரமாட்டோம், அது எங்க பாலிசி"ன்னா சண்டைதான் வரும். டெலிவரின்னா எடிட் பண்ண ஜேபெக் படங்கள், குறைஞ்சபட்சம் இத்தனை, ரா ஃபைல் இதுல சேராது, வேணும்னா இவ்வளவு கட்டணம்னு முன்னாடியே சொல்லிடுங்க.

எத்தனை நாள் படங்களைச் சேமிச்சு வைப்பீங்கன்னும் எழுதணும். ஆல்பம் கொடுத்த நாள்ல இருந்து 6 மாசமோ ஒரு வருஷமோ, அழிக்கிறதுக்கு 15 நாள் முன்னாடி மெசேஜ் அனுப்புவோம்னு சொல்லுங்க. ஹார்ட் டிஸ்க் விலையும் உங்க செலவுதான். "பேலன்ஸ் தரலைன்னா டெலிட் பண்ணிடுவேன்"னு மட்டும் எழுதவே எழுதாதீங்க. கூரைப்புடவையை மறுபடி கட்டலாம், தாலி கட்டுற அந்த நிமிஷத்தை மறுபடி எடுக்க முடியாது. தாத்தா பாட்டி கடைசியா நின்ன போட்டோ அதுல இருக்கலாம். பணம் வராதவரைக்கும் முழு அளவு ஃபைலைக் கொடுக்காம இருக்கலாம். அழிப்பேன்னு மிரட்டுறது வேற.

கேன்சல், தள்ளி வைப்பு, கார்டு பழுது

"அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது." இந்த வரியை மந்திரம் மாதிரி நினைக்கிறாங்க. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி, மீறினா இவ்வளவுன்னு தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்குள்ள நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஃபதே சந்த் வழக்குல 1963-லயே உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை விளக்கியிருக்கு. அதனால உங்க இழப்பு என்னன்னு காட்டுற மாதிரி எழுதுங்க. 90 நாளுக்கு முன்னாடி கேன்சல் பண்ணா அட்வான்ஸ்ல பெரும்பகுதி திரும்பும், அந்தத் தேதியை வேற யாருக்காவது கொடுக்க நேரம் இருக்கு. 30 நாளுக்குள்ளன்னா திரும்பாது, ஏன்னா அந்த முகூர்த்தத்துக்கு வந்த மத்த விசாரிப்பையெல்லாம் நீங்க திருப்பி அனுப்பியிருப்பீங்க. காரணத்தையும் அந்த வரியிலேயே சொல்லிடுங்க.

தள்ளி வைக்கிறதுக்குத் தனி வரி வேணும். 2020 மார்ச் 25-ல ஊரடங்கு வந்தப்ப எத்தனை கல்யாணம் தள்ளிப் போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். பெரிய ஊரடங்குதான் வரணும்னு இல்ல. வீட்டுல ஒரு சாவு விழுந்தா நம்ம ஊர்ல கல்யாணம் தள்ளிப்போகும். புதுத் தேதியில நீங்க ஃப்ரீயா இருந்தா ஒரு தடவை கட்டணமில்லாம மாத்திக்கலாம், இல்லைன்னா இவ்வளவு திரும்பும்னு எழுதுங்க. உங்களால வர முடியலைன்னா முழு அட்வான்ஸும் திருப்பித் தரணும், மாற்று ஆள் ஏற்பாடு பண்ண உதவணும். ஆபீஸ்ல திடீர்னு லீவு கேன்சல் ஆகுற ஆட்களுக்கு இது நிஜமான ரிஸ்க்.

மெமரி கார்டு பழுதானா என்ன? முதல் பதில் ஒப்பந்தம் இல்ல, ரெண்டு கார்டு ஸ்லாட் இருக்கிற கேமராவும், அன்னைக்கு ராத்திரியே எடுக்கிற பேக்கப்பும்தான். அதுக்கப்புறம்தான் "எங்கள் பொறுப்பு வாங்கிய தொகை வரை"ங்கிற வரி. அந்த வரம்பை நுகர்வோர் ஆணையம் அப்படியே ஏத்துக்கும்னு நம்பாதீங்க. கவனக்குறைவு இருந்தா மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு சொல்லலாம். பேக்கப் எடுத்ததுக்கு ஆதாரம் வெச்சிருக்கிறதுதான் உங்களைக் காப்பாத்தும்.

கம்பெனி வேலைன்னா இன்னொரு ஆயுதம்

ப்ராடக்ட் ஷூட், கம்பெனி நிகழ்ச்சின்னு போறவங்களுக்கு: உத்யம் பதிவு இலவசம், ஆன்லைன்லயே முடியும். குறு, சிறு நிறுவனமா பதிவு பண்ணியிருந்தா, 2006 எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டப்படி வாங்குற கம்பெனி அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் தரணும். எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி.

அந்த நாள் எங்க இருந்து ஆரம்பிக்குது? டெலிவரியில இருந்து. 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபம் வரலைன்னா, டெலிவரி நாளையே ஏத்துக்கிட்ட நாளா சட்டம் எடுத்துக்கும். அதனால கூகுள் டிரைவ் லிங்கை போன்ல சொல்லி முடிக்காம, "இன்று இத்தனை படங்கள் ஒப்படைக்கப்பட்டன"ன்னு ஒரு மெயில் போடுங்க. அந்த ஒரு மெயிலுக்கு விலை இருக்கு.

என் வேலையைப் பத்தி நாலு வரி

வரி பத்திப் பேசலைன்னா நான் சி.ஏ. இல்ல. ஒப்பந்தத்தோட நேரடியா சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுல சேவை வழங்குறவங்களுக்கு வருஷ விற்றுமுதல் 20 லட்சம் தாண்டினா பதிவு கட்டாயம். உங்க சம்பளம் அதுல சேராது, ஆனா வீட்டு வாடகை வருமானம் இருந்தா சேரும். பதிவு பண்ணியிருந்தா போட்டோகிராபிக்கு 18 சதவீதம், அட்வான்ஸ் வாங்கும்போதே வரி விழும். ஒப்பந்தத்துல "ஜிஎஸ்டி தனி"ன்னு எழுதலைன்னா, 1,00,000 ரூபாய்க்குள்ளயே வரி அடங்கியிருக்குன்னு கஸ்டமர் சொல்வார். அப்போ 15,254 ரூபாய் வரிக்குப் போகும். நம்ம உதாரணத்துல லாபத்துல பாதி காலி.

ரெண்டு, ரொக்கம். ஒரே நிகழ்ச்சிக்கு ஒரே ஆள்கிட்ட 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக்கூடாது, பல நாள்ல பிரிச்சு வாங்கினாலும். மீறினா வாங்கின தொகை அளவுக்கே அபராதம். தவணையை யுபிஐ இல்லைன்னா பேங்க் வழியா வாங்குங்க, எந்தத் தவணைன்னு குறிப்பும் போடச் சொல்லுங்க.

மூணு, ரிட்டர்ன். கேமரா வருமானம் இருந்தா ஐடிஆர்-1 போடக்கூடாது. தொழில் வருமானம் காட்டுற படிவம்தான். டிடிஎஸ் போக வருஷ வரி 10,000 ரூபாயோ அதுக்கு மேலயோ வந்தா அட்வான்ஸ் டாக்ஸும் உண்டு.

நாலு, ஆஃபர் லெட்டர். வெளி வேலை பார்க்க கம்பெனி அனுமதி வேணுமான்னு அதுல இருக்கும். கஸ்டமர் ஒப்பந்தம் எழுதுறதுக்கு முன்னாடி நீங்க ஏற்கெனவே கையெழுத்து போட்ட ஒப்பந்தத்தைப் படிங்க.

ஒரே பக்கத்துல அடங்கட்டும்

இவ்வளவு சொல்லிட்டேன்னு 12 பக்கம் எழுதாதீங்க. படிக்காம கையெழுத்து போடுற நிபந்தனையால யாருக்கும் பயன் இல்ல. ஒரு பக்கம், தமிழ்ல, பத்து வரி. யார் பொறுப்பு, தேதி, இடம், என்னென்ன பொருள், தவணை, ஒவ்வொரு பொருளுக்கும் நாள், திருத்தம், ரா ஃபைல், விளம்பர அனுமதி, சேமிப்புக் காலம், கேன்சல் மற்றும் தள்ளி வைப்பு, உங்க தாமத அபராதம். பொண்ணோட அப்பாவுக்குப் புரியணும், அதுதான் அளவுகோல். அவர் முன்னாடி உட்கார்ந்து வாசிச்சுக் காட்டுங்க, பத்து நிமிஷம் ஆகும்.

அதைக் கேட்டுட்டு "இதெல்லாம் எதுக்குப்பா"ன்னு சிரிக்கிறவங்களும் உங்க தாமத அபராத வரி வரும்போது நிமிர்ந்து உட்காருவாங்க. இந்த ஆள் தன்னையும் கட்டிக்கிறான்னு தெரிஞ்சா 5,000 ரூபாய் கம்மியா சொன்ன இன்னொருத்தரை விட உங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் கிடைக்குது. தேர்ந்தெடுக்காம போனா, அந்த 30,000-த்துக்காக ஆறு மாசம் போன் போட வேண்டிய வேலை மிச்சம்.

இது பொதுவான தகவல். உங்க தொகை, உங்க சூழலுக்கு ஏத்த மாதிரி வக்கீல்கிட்டயும் ஆடிட்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிக்கோங்க. சனி ஞாயிறு வருமானத்துக்கு எந்த ஐடிஆர், எந்தச் செலவைக் கழிக்கலாம்னு தனி வீடியோவுல பார்ப்போம். அதுக்குள்ள அடுத்த முகூர்த்தத்துக்கு யாராவது அட்வான்ஸ் நீட்டினா, வாங்குறதுக்கு முன்னாடி அந்த ஒரு பக்கத்தை அனுப்பிடுங்க.